கத்திக்குப் பயந்த காவடி

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததிலிருந்து பஸ்ஸில் யார் கதைத்தாலும் என் காதில் ஏறுவதில்லை. நேற்று ஏறியது. ஆஸ்பத்திரியடியில் ஏறிய இரண்டு பேர் என் முன் சீற்றில் இருந்தார்கள்.

"வெட்டு இல்லையாம் அண்ணை, தப்பிட்டன்!" என்றார் இளையவர்.

"அப்ப கிட்னிக் கல்லை என்னெண்டு எடுப்பினம்?" என்றார் நரைத்தவர். "எனக்கு அந்த நாளையிலை விலாவிலை ஒரு சாணுக்கு வெட்டினவங்கள்."

"பெரிய கல்லெண்டால் முதுகிலை சின்னத் துளை போடுவினமாம். என்ரை கல்லு சின்னன். ஒண்டுக்குப் போற வழியாலை குழாய் விட்டு லேசராலை உடைப்பினம். எனக்கு அதுதான் பாதுகாப்பாம்."

"பிறகேனடா மூஞ்சையைத் தொங்கப் போட்டிருக்கிறாய்?"

"வெட்டில்லாமல் முடிஞ்சால் முதுகிலை முள்ளுக் குத்திச் செடில் காவடி எடுக்கிறனெண்டு முருகனுக்கு நேந்திட்டன்."

"விசரா! ஒரு வெட்டுக்குப் பயந்து முதுகு முழுக்க முள்ளுக் குத்த நேந்தனியே? அங்கை மயக்க ஊசியும் போடமாட்டாங்களடா!"

நரைத்தவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரும் திரும்பிப் பார்த்தார். இளையவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பரவாயில்லை அண்ணை. டொக்டரை எனக்குத் தெரியாது. செடில் குத்துறது என்ரை மச்சான்."