பிரஷர் மாத்திரையை விட்டவர்

கல்யாணத்துக்குக் கிளம்பி கோவளத்தில் பஸ் ஏறிய பெரியவர், கூட வந்த மச்சானிடம், “பிரஷர் மாத்திரைய வுட்டுட்டேன்யா” என்று பெருமையாகச் சொன்னார். பின் சீட்டில் இருந்த நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

“இன்னாத்துக்கு வுட்ட?”

“பையன் துபாய்லேர்ந்து சத்து மாத்திரை அனுப்பிகிறான். வயசானவங்களுக்கு வேண்டியது எல்லாம் இதுலயே கீதாம்.” டப்பாவை எடுத்துக் காட்டினார்.

“தெனம் மீனு, கீரைன்னு வளைச்சுக் கட்ற. உனுக்கு இன்னா சத்து கொறைஞ்சுது? டாக்டர் ரத்தம் பாத்து எழுதிக் குட்தாரா?”

“பையன் ஆசையா அனுப்புனது.”

“அவன் ஆசை உன் பிரஷர எறக்குமா? போன மாசம் பிரஷர் ஏறி வலைமேல மயங்கி வுழுந்தியே, இந்த டப்பாவா வந்து தூக்கிச்சு?”

பெரியவர் டப்பாவைப் பைக்குள் வைக்கப் போனார். மச்சான் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு கண்டக்டரைக் கூப்பிட்டார்.

“அண்ணாத்த, கல்யாணத்துக்கு அப்பால போய்க்கிறோம். ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறக்கி வுடு.”