கடைக்கு எதிர்வீடு

டெய்லர் அக்கா: கொஞ்சம்கூட மனசாட்சி இல்லாம மூடுறேங்கிறீங்களே அண்ணே!

பாத்திரக்கடைக்காரர்: பின்ன? உக்காந்து ஈ ஓட்டுறதுக்கா கடை?

டெய்லர் அக்கா: அதெல்லாம் முடியாது. இந்தாங்க... தெருவே கையெழுத்துப் போட்டிருக்கு. நாப்பத்தோரு பேரு!

பாத்திரக்கடைக்காரர்: அட, பால்காரர்கூடவா? அவரு என் கடைப்படி ஏறி எத்தனை வருஷம் ஆச்சு...

டெய்லர் அக்கா: பாசம்ணே, பாசம்.

பாத்திரக்கடைக்காரர்: ம்ம்... ஆமா, நீ கடைசியா இங்க என்னம்மா வாங்குன?

டெய்லர் அக்கா: நானா? அது வந்து... இந்த... வடிகட்டி வாங்கலையா?

பாத்திரக்கடைக்காரர்: அது உன் பொண்ணு ஒன்னாங்கிளாஸ் சேந்தப்ப. இப்ப அவ காலேஜ் போறா.

டெய்லர் அக்கா: ஐயோ, எப்படிண்ணே இவ்ளோ ஞாபகம் உங்களுக்கு!

பாத்திரக்கடைக்காரர்: கூட்டம் இருந்தாத்தானே மறந்துபோகும்? சரி, மழுப்பாத. நான் மூடுனா உங்களுக்கு என்ன கஷ்டம்?

டெய்லர் அக்கா: ...அட்ரஸ்ணே.

பாத்திரக்கடைக்காரர்: என்னது?

டெய்லர் அக்கா: நம்ம ஊர்ல கதவு நம்பர் ஏது, தெருப்பேர் ஏது? போன்ல ஆர்டர் போடும்போது எல்லாரும் 'பாத்திரக்கடைக்கு எதிர்ல', 'பாத்திரக்கடைக்குப் பின்னாடி'ன்னுதான் போடுறோம். வீட்ல ஆள் இல்லன்னா டெலிவரி பையன் பார்சலை உங்ககிட்டதானே குடுத்துட்டுப் போறான்? கடை இல்லன்னா அவன் எங்க போய்த் தேடுவான், பாவம்!

பாத்திரக்கடைக்காரர்: அடிப்பாவி! அப்ப நான் கடைக்காரன் இல்ல, மைல்கல்லு.

டெய்லர் அக்கா: கோவிச்சுக்காதீங்க...

பாத்திரக்கடைக்காரர்: சேச்சே. முந்தாநேத்து உனக்கு ஒரு பார்சல் வாங்கி வெச்சேனே, என்ன அது?

டெய்லர் அக்கா: பிளாஸ்க்! டவுன் சரக்குண்ணே. காலையில ஊத்துனா சாயங்காலமும் நாக்கு வெந்துபோகுது. தப்பா நெனைக்காதீங்க, உங்க கடையில அந்தத் தரம்...

பாத்திரக்கடைக்காரர்: கெடைக்காது.

டெய்லர் அக்கா: பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க! அஞ்சு ஸ்டார் போட்டுட்டேன். பேக்கிங்கைப் பாக்கணுமே... பச்சப்புள்ளையத் துணியில சுத்துன மாதிரி...

பாத்திரக்கடைக்காரர்: மூணு சுத்து. மூடிக்குத் தனியா ஒரு கவர்.

டெய்லர் அக்கா: ஆமா... அண்ணே! பிரிச்சுப் பாத்தீங்களா?

பாத்திரக்கடைக்காரர்: நான் ஏன் பிரிக்கிறேன்? சுத்துனதே என் வீட்டுக்காரிதான்.

டெய்லர் அக்கா: அண்ணியா? அண்ணி எதுக்கு என் பிளாஸ்க்கை...

பாத்திரக்கடைக்காரர்: அந்தா, அந்த ரெண்டாவது தட்டுலதாம்மா இருந்துச்சு. நீ மெஷின்ல உக்காந்து நிமிந்தா நேரா தெரியும். யாரும் தொடல. போன மாசம் போட்டோ எடுத்து, நீங்க ஆர்டர் போடுற அதே ஆப்புல விக்க ஏத்தி விட்டேன். திங்கக்கிழமை லாரி ஏறி டவுனுக்குப் போச்சு, ரெண்டு ராத்திரி அங்க தூங்குச்சு, டவுன் சரக்காத் திரும்பி வந்துருச்சு.

டெய்லர் அக்கா: ...அப்ப, கடைய மூடுறேன்னது?

பாத்திரக்கடைக்காரர்: முன்கதவை மட்டும்தாம்மா. போர்டு இருக்கும், உங்க பார்சலையும் வாங்கி வெக்கிறேன். இந்தத் தெரு ஆர்டரே உள்ள மலையாக் குவிஞ்சு கெடக்கு, கட்டுறதுக்கு இடம் பத்தல!