கப்பல் சங்கு கேட்காத பள்ளத்தாக்கு

எங்கள் மலைப்பாதையில் ஒரு வண்டி வெறும் இருக்கைகளோடு போனால், அந்த ஓட்டுநர் வீட்டில் ஏதோ துக்கம் என்றுதான் ஊர் நினைக்கும். வழியில் நிற்பவரை ஏற்றிக்கொள்வோம். அவருடைய மூட்டையையும் ஏற்றிக்கொள்வோம். மூட்டைக்குள் கோழி இருந்தால் அதையும் நலம் விசாரிப்போம். டொமினிக்காத் தீவில் பிறந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, சார்ஜென்ட். உங்கள் ஞானஸ்நானத்தின்போது தலையைத் தாங்கிப் பிடித்த ஞானத்தாய் நான். ஆனாலும் இந்தக் காவல் நிலைய அறையில் உங்களை ‘நீங்கள்’ என்றே சொல்கிறேன். நீங்கள் எழுதுகிறீர்கள், நான் சொல்கிறேன். அதற்கு ஒரு மரியாதை வேண்டும்.

முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். அன்றைக்கு மண்சரிவு எதுவும் ஏற்படவில்லை. கப்பலைத் தவறவிட்ட மிஸ் டோரீன் உங்கள் ஆட்களிடம் அப்படிச் சொன்னார் அல்லவா, அது எனக்காகச் சொன்ன பொய். என் பொருட்டு ஒரு நல்ல மனுஷியின் ஆத்துமாவில் கறை விழ நான் விடமாட்டேன். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். மற்றபடி வருத்தப்பட என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

கப்பல் வரும் நாளில் ரோசோ துறையில் மற்ற ஓட்டுநர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்க்கத் தொண்டை கிழியக் கூவுவார்கள். நான் கூவுவதில்லை. ‘ஒருவருக்கு மட்டும், நாள் முழுவதும்’ என்று எழுதிய அட்டையைப் பிடித்தபடி பாதாம் மர நிழலில் நிற்பேன். தனியாக இறங்குகிறவர்கள் தாமாகவே என்னிடம் வருவார்கள்.

“பன்னெண்டு பேர் உக்கார்ற வண்டியில ஒத்த ஆளு,” என்றான் கத்பர்ட், அடுத்த வண்டிக்காரன். “ஏன் அனா, எரிமலையச் சுத்திக் காட்ட வந்தியா, இல்ல பேச்சுத்துணைக்கு ஆள் புடிக்க வந்தியா?”

அவன் வாய் எப்போதும் அப்படித்தான். நான் அவனுக்காக ஜெபிக்கிறேன்.

மிஸ் டோரீன் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். கனடாவில் பள்ளிப் பேருந்துகளை நேரத்துக்கு அனுப்பும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டியில் ஏறுவதற்கு முன்பே கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“நாலரைக்கு நான் கப்பல்ல இருக்கணும். ஒரு நிமிஷம் தப்பக்கூடாது. என் அக்கா பெர்னிஸ் கேபின்ல தனியா இருக்கா. அவளுக்குக் கண்ணு தெரியாது. நான் இல்லாம ஒரு ராத்திரிகூட அவ இருந்ததில்ல.”

“கவலைய விடுங்க, மிஸ் டோரீன். நாலரைக்கு நாம எங்க இருக்கணுமோ அங்க இருப்போம்.”

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். என்னைப் போன்ற தனி வண்டியில் போனவர் தாமதித்தால் சங்கை ஊதிவிட்டுக் கிளம்பிவிடும். இதைக் கப்பலில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் கழுத்தில் ஜெபமாலையும் கையில் அட்டையுமாக மர நிழலில் நிற்கும் ஒரு வயதான பெண்ணைப் பார்த்தால், அது யாருக்கும் நினைவு வருவதில்லை.

மலை ஏறும்போதே அவருடைய களைப்பைப் பார்த்தேன். எரிமலை ஏரியைப் பார்க்கிறார், உடனே மணியைப் பார்க்கிறார். அருவியைப் பார்க்கிறார், மறுபடியும் மணி. கர்த்தர் அந்த ஏரியை உண்டாக்கியது கடிகாரத்தின் ஓரத்தில் வைத்துப் பார்ப்பதற்கா? கந்தக ஆவி கைப்பேசிக்கு ஆகாது என்று சொல்லி, அவருடைய கைப்பேசியை வாங்கி அணைத்து, ஐஸ் பெட்டியில் பழச்சாற்றுப் பாட்டில்களுக்கு அடியில் வைத்தேன். அது பத்திரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. வாட்டன் வேவனில் இருக்கும் வெந்நீர்க் குளத்தை எல்லா ஓட்டுநர்களும் மதியத்துக்கு முன்பே முடித்துவிடுவார்கள். அந்த நீரில் இறங்கிய உடம்பு எழுந்திருக்க மறுக்கும். தவிர, அது நாலு பக்கமும் மலை சூழ்ந்த பள்ளம். ஊரே அதிரும்படி ஊதுகிற கப்பல் சங்கு அங்கே கேட்காது. நான் குளத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டேன்.

அருவியிலிருந்து குளத்துக்குப் போகும் வழியில் முதலில் நின்றவர் மா யூடோரா, சேப்பங்கிழங்கு மூட்டையோடு. அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அவர் மருமகளின் முழங்கால் வலியை விசாரிக்காமல் வர முடியுமா. அடுத்த வளைவில் புரோஸ்பர் ஒரு வெள்ளாட்டோடு நின்றான்.

“அனா, டூடூ, என் செல்லமே, உனக்குக் கோடி புண்ணியம். இவள என் தம்பி வீட்ல விட்டுரணும்,” என்று சொல்லிக்கொண்டே ஆட்டை மிஸ் டோரீனின் பக்கத்து இருக்கையில் ஏற்றினான். “பயப்படாதீங்க மேடம், இவ தங்கமானவ. தொப்பிய மட்டும் கொஞ்சம் கையில புடிச்சுக்கோங்க.”

“எதுக்கு?”

“அவளுக்கு வெள்ளத் தொப்பின்னா கொஞ்சம் பிரியம்.”

அவர் பிடித்துக்கொள்வதற்குள் ஆடு விளிம்பில் ஒரு கடி எடுத்துவிட்டது. மிஸ் டோரீன் சிரித்தார். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. அப்புறம் மணியைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“அனஸ்தாசி, இதுக்கெல்லாம் நேரம் இருக்கா?” என்று என் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டார்.

“நேரம் ஆண்டவரோடது, மிஸ் டோரீன்.”

பாலத்தருகே முதியவர் தியோட்யூல் நின்றார். அவரை ஆற்றங்கரைப் படிகளில் மெதுவாக இறக்கி வீட்டில் சேர்க்க வேண்டும். நான் கை கொடுக்கப் போனேன். அதற்குள் மிஸ் டோரீன் இறங்கிவிட்டார். கிழவரின் கையை இவர் பிடிக்கவில்லை. தம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளும்படி நீட்டி, அரை அடி முன்னே நடந்தார். ஒவ்வொரு படிக்கும் முன் ஒரு கணம் நின்றார். கண் தெரியாதவரை ஆயுசு முழுக்க நடத்திப் பழகிய நடை அது. கீழே போனதும் தியோட்யூல் எல்லோருக்கும் இளநீர் வெட்டினார். வெட்டியதைக் குடிக்காமல் வந்தால் அவர் மனம் நோகும். அந்த நேரம் முழுவதும் மிஸ் டோரீன் ஒருமுறைகூட மணி பார்க்கவில்லை.

இவர்கள் யாரையும் இங்கே கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்று விடியற்காலையில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், “மதியத்துக்கு மேல இந்தப் பக்கமா வருவேன், வழியில நில்லுங்க, ஏத்திக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னை நல்லவள் என்றுதான் அவர்கள் இன்னும் நினைக்கிறார்கள்.

“குளம் வேண்டாம், துறைக்குப் போகலாம்,” என்றார் மிஸ் டோரீன். “அஞ்சே நிமிஷம், கால மட்டும் நனைங்க, படியேறின வலி ஓடிப்போயிரும்,” என்றேன். தங்கள் கால்களைப் பற்றி நெடுநாளாக யாரும் விசாரிக்காதவர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. முதலில் கால். அப்புறம் முழங்கால். அப்புறம் கழுத்து வரை. கண்ணை மூடிக்கொண்டார். கடிகாரத்தைக் கழற்றி என்னிடம்தான் கொடுத்தார். நான் அதை என் செருப்புக்குள் பத்திரமாக வைத்தேன்.

அப்போது என் கைப்பேசி அடித்தது. துறை முகவர் இர்வின்.

“அனா, எங்க இருக்க? கப்பல்காரங்க பத்து நிமிஷம் பொறுத்துப் பாக்குறாங்க. அந்தக் கண்ணு தெரியாத அம்மா ஏணிப்படிகிட்ட நிக்கிறாங்க. உள்ள வரமாட்டேங்கிறாங்க. தங்கச்சி வர்ற வரைக்கும் ஏணிய எடுக்கக்கூடாதுன்னு கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. பக்கத்துல இருக்கியா, இல்லையா?”

அங்கிருந்து துறை பக்கம்தான். நான் அடித்து ஓட்டினால் அந்தப் பத்து நிமிடத்தில் போயிருக்கலாம்.

“வழியில இருக்கேன், இர்வின்,” என்று சொல்லி அணைத்தேன்.

மிஸ் டோரீன் கண்ணைத் திறக்காமலே கேட்டார். “யாரு?”

“நம்ம கோயில் பாட்டுக்குழு ஆளு.”

இதுவும் பொய் இல்லை. இர்வின் எங்கள் பாட்டுக்குழுவில் அடிக்குரல் பாடுகிறவன்.

பிறகு மலை வளைவில் இறங்கும்போது கப்பலைப் பார்த்தோம். கரையை விட்டு நன்றாக விலகி, வெள்ளையாக, ஒரு பிறந்தநாள் கேக் மாதிரி போய்க்கொண்டிருந்தது. மிஸ் டோரீன் கத்தவில்லை. “பெர்னிஸுக்கு ராத்திரி மாத்திர எது எதுன்னு தெரியாதே,” என்று மட்டும் சொன்னார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவர் தோளில் கை வைத்து, “ஆண்டவர் பாத்துப்பார்” என்றேன்.

என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பெரிய வீடு. மகள்கள் இருவரும் இங்கிலாந்து போனபின் அவர்கள் அறையை நான் பூட்டி வைப்பதில்லை. பூட்டிய அறையில் பூஞ்சை பிடிக்கும். மரவீட்டுக்கு மனிதக் காலடிச் சத்தம் வேண்டும், சார்ஜென்ட். வீட்டின் நன்மைக்காகச் சொல்கிறேன். கட்டிலில் விரிப்பு விரித்திருந்தது. தலையணைப் பக்கம் ஒரு தம்ளரில் செம்பருத்தி.

மிஸ் டோரீன் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். செம்பருத்தி சுருங்கிப் போயிருந்தது.

“அனஸ்தாசி, இத எப்போ பறிச்சீங்க?”

“காலைல.”

“காலைல என்னை ஒங்களுக்குத் தெரியாதே.”

“தெரியாது.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். ஐஸ் பெட்டியிலிருந்து கைப்பேசியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். இர்வின் மூலமாக எப்படியோ கப்பலுக்குத் தொடர்பு கிடைத்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். சுவர் மெல்லிய பலகை, எனக்கும் கேட்டது.

“யாரோ நடக்குற சத்தம் கேட்டா, டோரீனா, டோரீனான்னு கேட்டுட்டே நின்னேன்,” என்றது பெர்னிஸின் கிழட்டுக் குரல். “ஒருத்தன் நாற்காலி கொண்டாந்து போட்டான். நான் உக்காரல. உக்காந்துட்டா நீ செத்துட்டேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு தோணுச்சுடி.”

நான் அப்போது மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். பேசுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று அடுப்பைத் தணித்தேன். மறுநாள் பேசியபோதுதான் மீதி தெரிந்தது. கப்பலில் அறையைச் சுத்தம் செய்யும் பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி, வேலை முடிந்த பிறகும் போகாமல், விடியும்வரை பெர்னிஸின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம். மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக் கொடுத்தாளாம். பாருங்கள், அன்று நான் இதைச் செய்யாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் புண்ணியம் கிடைத்திருக்குமா.

அடுத்த தீவுக்கான படகு மறுநாள் இல்லை. அதற்கும் அடுத்த நாள்தான். அதுவரை மிஸ் டோரீன் என்னோடு இருந்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. என் தகரக்கூரை ஒழுகும் இடத்தில் சரியாகப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தார். இரண்டாம் நாள் மாலை ஆடு தொப்பியைக் கடித்த கதையைப் பெர்னிஸுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது சிரித்தார். இதை நீங்கள் தவறாமல் எழுத வேண்டும். அவர் சிரித்தார்.

படகுத்துறைக்குப் போகும்போது வண்டியில் கேட்டார். “நான் போனப்புறம் ஒங்க கூட யாரு சாப்பிடுவா?”

வளைவில் கவனம் தேவைப்பட்டதால் நான் பதில் சொல்லவில்லை. அது நேரான சாலைதான்.

“கேட்டிருந்தா நானே வந்திருப்பேனே, அனஸ்தாசி,” என்றார் இறங்கும்போது. “மத்தியானச் சாப்பாட்டுக்கு. பெர்னிஸையும் கூட்டிட்டு. அவளுக்கு இளநீர் ரொம்பப் பிடிக்கும்.”

பிறகு படகுத்துறையிலேயே உங்கள் ஆட்கள் வந்து விசாரித்தபோது, என்னைப் பார்த்துக்கொண்டே, சாலையில் மண் சரிந்துவிட்டது என்றார். அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெர்னிஸை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரும், ஏனென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பொய்க்கு ஒரு காரணமும் இல்லை. நான் அவருக்குச் செய்ததற்கு அவர் எனக்குத் திருப்பித் தரவேண்டியது இது அல்ல.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தவறி நடந்ததில்லை. தெரிந்தே செய்தேன். இதற்கு முன்பும் செய்திருக்கிறேன். ஒரு பல் டாக்டர், ஒரு டச்சுக்காரர், கணவனை இழந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு பெண். எல்லோரும் முதல் மாலை அழுதார்கள். எல்லோருக்கும் சீமைப்பலாக்காய் சுட்டுக் கொடுத்தேன். டச்சுக்காரர் போகும்போது டொமினோ ஆடக் கற்றிருந்தார். தனிமையில் வாடுகிறவர்களைக் கண்டால் என்னால் தாங்க முடிவதில்லை. முகத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பூப் பறித்தது ஏன் என்று கேட்கிறீர்கள். மிஸ் டோரீனும் அதைத்தான் கேட்டார். அவ்வளவு பெரிய கப்பலில் வாடுகிற ஒருவராவது இருக்கமாட்டாரா, சார்ஜென்ட். அது விசுவாசம்.

ஆனாலும் மிஸ் டோரீன் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். இனிமேல் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். வெந்நீர்க் குளத்தில் வைத்துக் கேட்பேன். அங்கே இதுவரை யாரும் முடியாது என்று சொன்னதில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம். நாளைக் காலையில் கப்பல் வருகிறது. உப்பு மீனை ஊறப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், இரண்டு பேருக்கு.