அறுபத்தோராவது வீடு

— கண்ணாடிய தொடச்சிப் போட்டுக்கினு இன்னொரு தபா படி, தேவசகாயம்ணே.

— மூணு தபா படிச்சாச்சி பட்டம்மா. நம்ம ஊருல குடும்ப வருமானம் மாசம் ஐயாயிரத்தி ஐந்நூறு. வயலைக் கம்பெனி எடுத்துக்கினதால கூலி போன வீட்டுக்கெல்லாம் இருபத்திநாலு மாச வருமானம் தர்றாங்க. ஒரு லட்சத்தி முப்பத்திரெண்டாயிரம். கையெழுத்த இங்க போடு.

— த்தூ! ஐயாயிரத்தி ஐந்நூறா? எம்மவன் வெங்கடேசன் சம்பளமே பதினாலாயிரம். மருமவ கலைவாணி காஞ்சிபுரத்துல பட்டுக்கடையில புடவை மடிச்சி எட்டாயிரம் கொண்டாரா. என் நடவுக் கூலிய சேக்காமலே இருபத்திரெண்டு ஆச்சி. எந்த மூதேவி இந்தக் கணக்க எழுதினது?

— நான்தான். அஞ்சு வருசத்துக்கு ஒரு தபா வீடு வீடா வந்து கேட்டு எழுதறவன் இந்த ஊருல வேற யாரு?

— எழுதினியே, கண்ணு அவிஞ்சா போச்சி உனக்கு?

— நீ பேசு. மொத தபா வந்தப்ப டீவி மேல புடவையப் போட்டு மூடிட்டு, உள்ள சாமி இருக்குதுன்ன. சாமி சோப்பு விளம்பரம் பேசிக்கினு இருந்திச்சி. ரெண்டாயிரம்னு சொன்ன.

— அது…

— அடுத்த தபா பைக்க வைக்கோல் போருல சொருகி வச்சிருந்த. ஹாண்டில் நீட்டிக்கினு நின்னுச்சி. மூவாயிரம்னு சொன்ன. போன தபா, மவன் வேலை வெட்டி இல்லாம சுத்தறான்னு மூக்க சிந்தி அழுத. அழுதுக்கினு இருக்கும்போதே அவன வேலைக்கு ஏத்திக்கினு போற வேன் வந்து ஹாரன் அடிச்சிது. நாலாயிரம்.

— ரேசன் அரிசி நின்னுடுமோன்னு பயம். ஊரே அப்பிடித்தான் சொல்லிச்சி. உனக்கு எங்க போச்சி புத்தி? சாமி சோப்பு வித்தா, இருபதாயிரம்னு எழுத வேண்டியதுதானே?

— சொன்னதத்தான் எழுதணும். அதான் ரூலு.

— பெரிய ரூலு! சரி, நான் பொய் சொன்னேன். வாலாஜாபாத்துல ரைஸ்மில்லு வச்சிருக்கிறானே, அவன் வீடும் இந்த நூத்தி இருபத்தோரு வீட்டுல ஒண்ணுதானே? அவன் காசையும் சேத்து பங்கு போட்டாக்கூடவா ஐயாயிரம்?

— பங்கு போடறது இல்ல. போட்டா அவன் ஒருத்தனாலயே ஊரு மொத்தமும் பணக்கார ஊராயிடும். வருமானம் கம்மியா இருக்கறதுலேர்ந்து ஜாஸ்தி வரைக்கும் வீடுங்கள வரிசையா வைப்பாங்க. இந்தப் பக்கம் அறுபது, அந்தப் பக்கம் அறுபது. நடுவுல நிக்கற அறுபத்தோராவது வீடு இன்னா சொல்லிச்சோ, அதான் ஊருக்கு.

— அப்ப என் நாலாயிரம்?

— கீழ எங்கியோ நிக்குது. யாரு அத சீந்தறா.

— அந்த நடு வீடு இருபத்திரெண்டுன்னு நின்னிருந்தா அஞ்சே கால் லட்சத்துக்கு மேல வந்திருக்கும். பேத்தி பிரியதர்ஷினிக்கு நர்சிங்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குது, மூணு லட்சம் பீசு. சேறு மிதிச்சி கட்டிக்கினு இருந்தேன், இப்ப மிதிக்க சேறும் இல்ல. அவள படிச்சது போதும், வந்து பாத்திரம் கழுவுன்னு கூப்பிடட்டுமா? நிஜத்த சொல்றேன், எழுதிக்க.

— எழுதறேன். ஆனா அது அடுத்த தபாவுக்குத்தான். இது முடிஞ்ச கணக்கு.

— அடுத்த தபா எடுத்துக்கறதுக்கு இன்னா வயலு இருக்குது இங்க? என் தலை மயிரா?

— கத்தாத. மாகறல் பஸ்ஸுல இருக்கிறவன்லாம் எட்டிப் பாக்கறான்.

— பாக்கட்டும். எந்த வீடு அது, நடு வீடு? முனிசாமியா? அந்த துர்கா வீடா?

— பேரு சொல்லக்கூடாது. ரூலு.

— சொல்லாட்டி கையெழுத்து இல்ல. மத்த நூத்தி இருபது வீட்டையும் போட விட மாட்டேன். ஆபீஸுல போயி இன்னா பதில் சொல்றியோ சொல்லு.

— …மாடி வீடு. அவ்ளோதான்.

— மாடி வீடு முப்பது இருக்குது. மாடி கட்டிக்கினு, ஐயாயிரத்தி ஐந்நூறுன்னு கூசாம சொன்னானா? இன்னாத்துக்காம்?

— முதியோர் பணம் நின்னுடும்னு பயந்துக்கினான்.

— அந்தப் பிச்சைக் காசுக்கா? எங்க ஒவ்வொருத்தர் தலையிலயும் நாலு லட்சம் மண்ண அள்ளிப் போட்டிருக்கிறானே! அவன் கெடக்கட்டும், எச்ச. நீ இன்னா புடுங்கின? அந்த வீட்டு வாசப்படிய மிதிச்சியா இல்லியா? மாடிய கண்ணால பாத்தியா இல்லியா?

— பாத்தேன் பட்டம்மா. தெனம் படுத்து எழுந்துக்கற வீடு, பாக்காம எப்பிடி?