புளிக்கிறதே, இதில் ஏது சர்க்கரை?

இந்தப் பணிமனையைக் கட்டிக் காக்கும் மேலாளரும் இன்றைய அவையின் தலைவருமான ஐயா அவர்களே, ஊர் விழிக்கும் முன்னே உருளத் தொடங்கும் ஓட்டுநர்களே, சில்லறைக்காகச் சிரித்தும் சீறியும் நாளை நகர்த்தும் நடத்துநர்களே, கிரீஸ் படிந்த கைகளால் எங்கள் உயிரைக் காக்கும் மெக்கானிக் தம்பிகளே, பணி ஓய்ந்தும் பாசம் ஓயாத பெரியவர்களே, இவர்கள் அத்தனை பேரையும் கட்டி மேய்க்கும் தாய்மார்களே, வணக்கம்.

பின்பக்கம் கேண்டீனில் எண்ணெய் காய்கிறது. உங்கள் முகம் இங்கே, மூக்கு அங்கே. முதல் வரிசை அண்ணன் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாருங்கள் அண்ணா, தாராளமாகப் பாருங்கள். எனக்கும் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

மாவில் தோய்த்துப் பொரித்து, இனிப்பும் புளிப்புமான சாஸில் புரட்டிய கோழி, இதுவரை வாரத்தில் சில நாள் வந்தது, இனி கேண்டீனில் தினமும் உண்டாம். அதன் சத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் மருத்துவமனையில் உணவு ஆலோசகர். இங்கே ஓர் ஓட்டுநரின் மனைவி. இரண்டுக்கும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன்.

கோழி நல்லதா? நல்லது. புரதம் உண்டா? உண்டு, யார் இல்லையென்றது? ஆனால் அந்தக் கோழி தட்டுக்குத் தனியாகவா வருகிறது? மாவைப் போர்த்திக்கொண்டு வருகிறது. அந்த மாவு எண்ணெயைக் குடித்துவிட்டு வருகிறது. அதன் மேல் சாஸ் ஏறி உட்கார்ந்து வருகிறது. சாஸில் என்ன இருக்கிறது? தக்காளி என்பீர்கள், வினிகர் என்பீர்கள். கேண்டீன் மாஸ்டரைக் கேட்டேன். சிரித்தார், சிரித்துக்கொண்டே சர்க்கரை டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மாஸ்டர் அண்ணே, முறைக்காதீர்கள், உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எங்கள் கஷ்டமே.

சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் டீயில் சர்க்கரை போடுவதில்லை. கேக்கை நீட்டினால் கையெடுத்துக் கும்பிடுவார். அக்கம்பக்கத்தில் அவர் கட்டுப்பாட்டைப் பற்றித்தான் பேச்சு. இந்தக் கோழி போடும் மதியம் மட்டும் இங்கே அதுவும் ஒரு தட்டுச் சோறும். ஏன் என்று கேட்டால் எனக்கே பாடம் எடுப்பார். "புளிக்குதுல்ல? அப்புறம் எங்கேருந்து சக்கரை? புளிப்பு அதை முறிச்சிடும்."

முறிக்காது ஐயா. புளிப்பு நாக்கை ஏமாற்றும், இரத்தத்தை ஏமாற்றாது. சர்க்கரையை மறைக்கும், இல்லாமல் ஆக்காது. உங்களில் எத்தனை பேர் அவரைப் போலவே நினைத்தீர்கள், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்... அடேயப்பா, இறக்குங்கள், இறக்குங்கள், எண்ண எனக்குத் தெம்பில்லை.

இந்த ஒரு தட்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொன்னால் நான் படித்த படிப்புக்குத் துரோகம். உட்கார்ந்தே ஓடும் நாள், கெட்டுப்போன தூக்கம், நேரம் தவறிய சாப்பாடு, எல்லாம் சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கின்றன. ஆனால் இனிப்பென்று தெரிந்து தின்றால் ஒருநாள் நிறுத்தலாம். பத்தியம் என்று நினைத்துத் தின்பதை எப்படி நிறுத்துவது?

கிளம்பும்போது அவர் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "கோழியப் பத்தி என்ன வேணா பேசு. என் காலப் பத்தி மட்டும் பேசிடாத." தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். அதோ, நடுவரிசையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசலாமா, வேண்டாமா? பேசினால் வீட்டில் முகம் கொடுக்க மாட்டார். பேசாவிட்டால்?

பேசுகிறேன். நேற்று மாலை வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றினார். வலது சாக்ஸ் ரத்தத்தில் நனைந்திருந்தது. ஷூவின் அடித்தோலைத் துளைத்து ஓர் ஆணி பாதத்தில் இறங்கியிருந்தது. எப்போது குத்தியது என்று கேட்டேன். "என்ன குத்துச்சு?" என்று என்னையே கேட்டார். சர்க்கரை நோய் அவர் பாதத்தின் உணர்வைத் தின்றுவிட்டிருந்தது. அந்தக் காலோடு எத்தனை மணி நேரம் பேருந்து ஓட்டினாரோ, அவருக்கே தெரியாது. மருத்துவமனையில் கட்டுப் போட்டாயிற்று. ஆனாலும் நாளைக்கு வண்டி எடுப்பேன் என்கிறார்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள் அந்தப் பேருந்தில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். ஆணியை அறியாத கால் பிரேக்கை அறியுமா? அழுத்தியது போதுமா, போதாதா என்று அது அவருக்குச் சொல்லுமா? எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்றிலிருந்து பயத்தைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன்.

தலைவர் அவர்களே, அந்தக் கோழி எப்போதாவது ஒரு நாள் இருக்கட்டும், மாவில்லாமல் வாட்டிய கோழி தினமும் இருக்கட்டும், சர்க்கரை சேர்த்தது என்று பலகையில் எழுதட்டும். அது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. என் முடிவு ஒன்றுதான். மருத்துவர் சொல்லும்வரை என் வீட்டுக்காரரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வேறு எந்த வேலை கொடுத்தாலும் செய்வார்.

எழுந்துவிட்டார். வழி விடுங்கள், யாரும் அவரைப் பிடிக்க வேண்டாம். என்ன சொல்கிறார்? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, நானே சொல்கிறேன். "என் கால் மட்டும் இல்ல. மரத்துப்போன கால் இங்க இன்னும் இருக்கு. அவங்களையும் எந்திரிக்கச் சொல்லு" என்கிறார்.

ஓரத்தில் ஒருவர் எழுகிறார். தூணுக்கு அருகே இன்னொருவர், மனைவியின் கையை விலக்கிவிட்டு எழுகிறார்.

எழுந்து நிற்கும் ஓட்டுநர்களே, என் நன்றி முழுவதும் உங்களுக்கு. இன்னும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பவர்களே, உங்களுக்கு என் வணக்கம்.