ஓடையை அழிக்கச் சொன்னார்கள்

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. மூத்தவர் சமீபத்தில்தான் அங்கிருந்து விலகியிருக்கிறார். இளையவள் சொன்ன ஒரு வார்த்தையில் என் காது அந்தப் பக்கம் போய்விட்டது.

“கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனைத் தட்டினா ஓடையே காணாமப் போயிருதுங்க்கா.”

“ஓடை மேலயே கட்டடம் வர்ற அந்த ரிசார்ட் பிளானா? அதை வரைய மாட்டேன்னுதானே நான் வெளிய வந்தேன்.”

“இப்ப அதை எங்கிட்ட குடுத்துட்டாங்க. நம்ம ஆபீஸ்ல சாரை எதுத்து யாருங்க பேசுவாங்க?”

“அழிச்சிட்டியா?”

“மாட்டேன்னுட்டனுங்க. மழை பேஞ்சா அந்தத் தண்ணி எங்க போகும்னு கேட்டேன். எல்லாரும் தலையைக் குனிஞ்சுட்டாங்க. அப்புறம் பக்கத்து சீட்டு அண்ணன் எந்திரிச்சு, ‘நானும் வரைய மாட்டனுங்க சார்’னாரு. இன்னும் ரெண்டு பேரு எந்திரிச்சாங்க.”

“சார்?”

“அவரே என் சீட்டுல உக்காந்து ரிசார்ட்டைத் தள்ளி வரைஞ்சாரு. ஓடை அப்படியே இருக்குதுங்க்கா.”

அருவங்காடு தாண்டும்வரை மூத்தவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லது கண்ணு” என்றார் பிறகு. “நான் சொன்னப்ப யாரும் எந்திரிக்கலையே.”