ராத்தாவின் வொய்ஸ்

மருதமுனையில் யாரைக் கேட்டாலும் சுல்பிகா என்ற என் குரல் இனிமையானது என்றுதான் சொல்வார்கள். கொரோனாக் காலத்தில் நான் போனில் பேசி அனுப்பும் வொய்ஸுக்காகப் பெண்களின் வட்ஸ்அப் குரூப்புகள் காத்துக்கிடந்தன.

முதல் வொய்ஸில் பொய் இல்லை. கொரோனாவில் இறந்த நம் மையத்துகளை அடக்கவிடாமல் அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வருவது சாம்பல்தான் என்று அழுதுகொண்டே சொன்னேன். ஊரே கூட அழுதது. பிறகு அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. எனக்கும் சந்தோசம்தான். ஆனால் என் பேச்சைக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது.

அப்போதுதான் கொரோனாவுக்குத் தடுப்பூசி வந்தது. போட்டால் வயிற்றுப் பிள்ளை தங்காது என்று சொன்னேன். நானே யோசித்துச் சொன்னது. மறுபடியும் குரூப்பெல்லாம் என் பெயர்தான். நான் மட்டும் வெளியூரான சம்மாந்துறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். எனக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய்; கவனமாக இருக்க வேண்டாமா? மாஸ்க் போட்டிருந்ததால் ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை.

தங்கச்சி றுஸ்தா என் வளவிலேயே, அடுத்த வீட்டில்தான் இருந்தாள். எத்தனையோ வருடம் ஏங்கி, அப்போதுதான் உண்டாகியிருந்தாள். ஒருநாள் என் முன்னால் வந்து நின்றாள்.

"ராத்தா, மிட்வைஃப் மிஸ் ஊசி போடச் சொல்றா. உண்மையச் சொல்லுங்க, போடட்டா?"

அவளுக்கு வாயில் எதுவும் நிற்காது. உண்மையைச் சொன்னால் ஊர் முழுக்கப் போய்விடும்.

"வேணாம் புள்ள. வகுத்துல உள்ளதப் பாரு," என்றேன்.

கொரோனாக் காய்ச்சல் வந்தபோதும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அடம்பிடித்தாள். என் முதல் வொய்ஸ் அவள் மனதில் அப்படியே இருந்தது. மூச்சுத் திணறியவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் தப்பிவிட்டது. தாயும் பிள்ளையும் மௌத்து.

அவள் கணவன் ஹமீட் உடைந்துபோனான். "மச்சி, ஒரே வளவு. உங்களுக்கு மட்டும் எப்பிடி ஒண்டும் ஆகல்ல?" என்று கேட்டான். பாவமாக இருந்தது. இது அமானிதம், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஊசி போட்டதைச் சொன்னேன். ஓம் என்றான். அடுத்த ஜும்ஆவுக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

இப்போது என் சலாமுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. தங்கச்சியைக் கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் என்னை அழவைத்தவன் ஹமீட். நம்பிச் சொன்ன ஒரேயொரு உண்மையைச் சொந்த மச்சானே காப்பாற்றாவிட்டால், இந்த ஊரில் இனி யாரைத்தான் நம்புவது?